கூரைக்கு எத்தனை நட்சத்திரம்?

2010ஆம் வருடம், மே மாதம் 21ஆம் தேதி. அகமதாபாத்தில் வெயில் 46.8 டிகிரி. மணிநகரில் மூன்று மாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் நாங்கள் குடியிருந்தோம். எங்கள் தலைக்கு மேல் சிமெண்ட் தளம், அதற்கு மேல் சூரிய பகவான், நடுவில் வேறு யாரும் இல்லை.

வழக்கமாக மே மாதம் நாங்கள்தான் ஊருக்கு ஓடிவிடுவோம். அந்த வருடம் எனக்கு ஆபீஸில் லீவு கிடைக்கவில்லை. அதனால் அம்மா பாளையங்கோட்டையிலிருந்து சென்னை வந்து, அங்கிருந்து நவஜீவன் எக்ஸ்பிரஸ் பிடித்து, முறுக்கு டப்பாவும் எலுமிச்சங்காய் ஊறுகாயுமாக இங்கே வந்து இறங்கியிருந்தாள். இரவு ஒன்பது மணிக்குச் சுவரில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "எய்யா, இது என்ன வீடா, தோசைக்கல்லா? சூரியன் போயி எம்புட்டு நேரமாச்சு, இன்னும் கொதிக்குதே" என்றாள். நான் சிரித்தேன். இரண்டு நாள் கழித்து அம்மா சமையலறையில் மயங்கி விழுந்தபோது யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டாள்.

எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. அந்த மே மாதத்தில் இந்த ஊரில் மற்ற வருடங்களைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்திருக்கிறார்கள் என்று பின்னால் ஆராய்ச்சியாளர்கள் கணக்கெடுத்துச் சொன்னார்கள்.

அடுத்த பில்லும் வந்தது. வாடகையில் கால்வாசி. எனக்குப் புரியவேயில்லை. ஏனென்றால் அடியேன் அப்பாவின் வளர்ப்பு. ஆள் இல்லாத அறையில் விளக்கு எரிந்தால் அப்பாவுக்குத் தூக்கம் வராது. "கரண்டு என்ன, தாமிரபரணியிலயா ஓடுது?" என்பார். (பாபநாசத்தில் தாமிரபரணித் தண்ணீரில்தான் மின்சாரம் எடுக்கிறார்கள் என்று ஒருமுறை எதிர்த்துச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன் :-)) அந்தப் பழக்கம் எனக்கும் உண்டு. விளக்கை அணைப்பேன், ஃபேனை நிறுத்துவேன், ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு யோசிக்க மாட்டேன். பிறகும் ஏன் இந்த பில்?

அன்றிலிருந்து இந்த விஷயத்தை விடாமல் படித்துக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் கொசுவத்தி சுற்றலாம், வாருங்கள்.

ஸ்விட்ச்சைத் தேடிய விஞ்ஞானி

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்க்குத் தடை போட்டன. அமெரிக்காவில் பெட்ரோல் பங்குகளில் வரிசை. அந்த நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஆர்தர் ரோசன்ஃபெல்ட் என்ற இயற்பியலாளர் வேலை முடித்துக் கிளம்பினார். சாதாரண ஆள் இல்லை, என்ரிகோ ஃபெர்மியின் மாணவர். சனி, ஞாயிறு முழுக்கத் தன் மாடியில் உள்ள 20 அறைகளிலும் விளக்குகள் வெட்டியாக எரியப்போகின்றன என்று அவருக்கு உறைத்தது. சரி, அணைத்துவிட்டுப் போவோம் என்று பார்த்தால் ஸ்விட்ச்சைக் காணோம். பீரோவுக்குப் பின்னால் ஒன்று, புத்தக அலமாரிக்குப் பின்னால் ஒன்று, போஸ்டருக்கு அடியில் ஒன்று. அத்தனையையும் கண்டுபிடித்து அணைக்க 20 நிமிடம் ஆனதாம். அந்த ஒரு வார இறுதியில் மிச்சமானது சுமார் 100 கேலன் எரிபொருளுக்குச் சமம் என்று கணக்குப் போட்டார்.

பிறகு துகள் இயற்பியலை விட்டுவிட்டு வாழ்நாள் முழுவதும் இதையே பிடித்துக்கொண்டார். 2017இல் அவர் இறந்தபோது, உலகமெங்கும் எரிசக்திச் சிக்கனத்தின் தந்தை என்று எழுதினார்கள்.

எனக்கு இந்தக் கதையில் பிடித்தது சிக்கனம் அல்ல, அந்தப் பீரோ. அங்கே வேலை பார்த்தவர்கள் ஊதாரிகள் இல்லை. அணைக்க நினைத்தாலும் அணைக்க முடியாதபடி அறை அமைந்திருந்தது. ஒருவன் எவ்வளவு மிச்சம் பிடிக்க முடியும் என்பதை, அவன் வருவதற்கு முன்பே வேறு யாரோ முடிவு செய்துவிடுகிறார்கள்.

கலிஃபோர்னியா இதை உடனே புரிந்துகொண்டது. 1970களின் பின்பாதியில் ஃப்ரிட்ஜுக்கு அந்த மாநிலம் சட்டம் போட்டது: வருடத்துக்கு இத்தனை யூனிட்டுக்கு மேல் இழுக்கும் ஃப்ரிட்ஜை இங்கே விற்கக்கூடாது. கம்பெனிகள் குய்யோ முறையோ என்றன. என்ன ஆனது? 1970களின் நடுவில் ஓர் அமெரிக்க ஃப்ரிட்ஜ் வருடத்துக்குச் சராசரியாகச் சுமார் 1,800 யூனிட் குடித்தது. 2001இல் அது 500 யூனிட் அருகே இறங்கிவிட்டது. இத்தனைக்கும் ஃப்ரிட்ஜ் பெரிதாகியிருந்தது. வீட்டில் இருந்தவர்கள் எந்தத் தியாகமும் செய்யவில்லை. முன்போலவே திறந்து வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

நம்மூர்க் கதை

நம் நாட்டில் வீட்டுக்குள் எரிபொருளை மிச்சம் பிடித்த முதல் பெரிய சாதனம் எது தெரியுமா? பிரெஷர் குக்கர். 1959இல் மும்பையில் ஹாக்கின்ஸ், பெங்களூரில் பிரஸ்டீஜ் என்று ஒரே வருடத்தில் இரண்டும் வந்தன. அம்மா அதை வாங்கியது எரிபொருளை மிச்சம் பிடிக்க அல்ல, சீக்கிரம் சமைத்து முடிக்க. மிச்சம் தானாக வந்தது.

எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அரசாங்கமும் விழித்தது. 1978இல் பெட்ரோலியச் சிக்கன ஆராய்ச்சிச் சங்கம் வந்தது. இந்தியன் ஆயில் ஆராய்ச்சிக்கூடம் 'நூதன்' என்று ஒரு திரி ஸ்டவ்வைக் கொண்டுவந்தது. ரேஷன் மண்ணெண்ணெய்க்குக் கேனோடு வரிசையில் நின்ற தலைமுறைக்கு அந்தப் பெயர் ஞாபகம் இருக்கும்.

அதே காலத்தில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஒரு மனிதர் வேறு மாதிரி யோசித்துக்கொண்டிருந்தார். அமூல்ய ரெட்டி. மின்வேதியியல் பேராசிரியர். 1974இல் 'அஸ்த்ரா' என்ற கிராமத் தொழில்நுட்ப அமைப்பைத் தொடங்கியவர். அவருடைய வாதம் மிக எளிமையானது. யாரும் மின்சாரத்தைச் சாப்பிடுவதில்லை. நமக்கு வேண்டியது வெளிச்சம், வெந்த சோறு, கொஞ்சம் காற்று, வயலுக்குத் தண்ணீர். அதே வெளிச்சத்தைக் குறைந்த மின்சாரத்தில் கொடுக்க முடியுமென்றால் அதுவும் ஒரு மின் நிலையம் கட்டியதற்குச் சமம்தான், நிலக்கரியும் வேண்டாம், அணையும் வேண்டாம். கர்நாடகத்தில் அரசுத் தரப்பு புதிய மின் நிலையங்களாக அடுக்கித் திட்டம் போட்டபோது, இந்த அடிப்படையில் அவர் ஒரு மாற்றுத் திட்டத்தையே எழுதி வைத்தார். பலரும் அதைக் காகிதக் கணக்கு என்றார்கள். 2006 மே மாதம் அவர் காலமானார்.

தற்செயலைப் பாருங்கள். அதே 2006 மே மாதம்தான் டில்லியில் நட்சத்திரம் பிறந்தது.

நட்சத்திரம் வந்த கதை

2001இல் எரிசக்திச் சேமிப்புச் சட்டம். 2002 மார்ச் மாதம் அதன் கீழ் எரிசக்தித் திறன் வாரியம், அதாவது பி.இ.இ. 2006 மே மாதம் நட்சத்திரக் குறியீடு. முதலில் ஃப்ரிட்ஜ், டியூப்லைட் இரண்டுக்கும் மட்டும், அதுவும் விருப்பப்பட்டவர்கள் ஒட்டிக்கொள்ளலாம் என்ற அளவில். 2010 ஜனவரியில்தான் கட்டாயம் ஆக்கினார்கள். ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜ், டியூப்லைட், ஏ.சி., ஊருக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஆகிய நாலும் நட்சத்திரம் இல்லாமல் விற்கக்கூடாது என்று ஆனது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. நட்சத்திரம் நிரந்தரம் இல்லை. சில வருடங்களுக்கு ஒருமுறை அளவுகோலை உயர்த்துவார்கள். இன்றைய ஐந்து நட்சத்திரம் நாளைக்கு மூன்றோ நாலோ ஆகிவிடும். அடியில் இருப்பது விற்பனையிலிருந்தே போய்விடும். நம் வீட்டுப் பிள்ளைகளின் ரேங்க் கார்டு மாதிரி, பாடம் கடினமாகிக்கொண்டே போகும். ஆகவே பழைய ஃப்ரிட்ஜின் ஐந்து நட்சத்திரத்தையும் புதியதின் ஐந்து நட்சத்திரத்தையும் ஒன்றென்று நினைக்காதீர்கள். ஒட்டுத்தாளில் வருடத்துக்கு எத்தனை யூனிட் என்று போட்டிருக்கும். அதைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்து குண்டு பல்பு. அது உண்மையில் ஒரு குட்டி ஹீட்டர். வாங்கும் மின்சாரத்தில் ஏறக்குறைய 5 சதவீதம்தான் வெளிச்சம், மற்றதெல்லாம் சூடு. கோழிக்குஞ்சு வளர்ப்பவர்கள் அதைத்தானே தொங்கவிட்டார்கள். 60 வாட் பல்பு தினம் 5 மணி நேரம் எரிந்தால் வருடத்துக்கு சுமார் 110 யூனிட். அந்த இடத்தில் 7 வாட் எல்.இ.டி. போட்டால் 13 யூனிட்.

இந்தக் கணக்கு எல்லாருக்கும் தெரியும். பின்னே ஏன் மாற்றவில்லை? குண்டு பல்பு பத்துப் பதினைந்து ரூபாய். மிச்சம் வரப்போவது வருடம் முழுக்க, ஆனால் காசை இன்றைக்கே எண்ணிக் கொடுக்க வேண்டும். மாசக் கடைசியில் கையில் ஐம்பது ரூபாய் வைத்திருப்பவரிடம் போய் 'நீண்டகால லாபம்' என்று பேச முடியாது.

2009இல் 'பசத் லேம்ப் யோஜனா' என்று ஒன்று வந்தது. குண்டு பல்பைக் கொடுத்தால் 15 ரூபாய்க்கு சி.எஃப்.எல். கொடுப்பார்கள். மீதி விலையை, குறைத்த கரிப்புகைக்குச் சர்வதேசச் சந்தையில் கிடைக்கும் காசில் ஈடுகட்டுவார்கள். அருமையான யோசனைதான். ஆனால் 2012 வாக்கில் அந்தக் கரிச் சந்தையே படுத்துவிட்டது. திட்டமும் கூடவே படுத்தது.

அதிலிருந்து பாடம் படித்தார்கள். 2014இல் புதுச்சேரியில் ஒரு முன்னோட்டம். குண்டு பல்பைக் கொடு, 10 ரூபாய்க்கு எல்.இ.டி. வாங்கிக்கொள். இ.இ.எஸ்.எல். என்ற பொதுத்துறைக் கூட்டு நிறுவனம் எல்லாருக்கும் சேர்த்து மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கியது. 2015 ஜனவரியில் அதுவே நாடு முழுக்க விரிந்து, பிறகு 'உஜாலா' என்று பெயர் பெற்றது. 2014இல் அந்த நிறுவனம் ஒரு பல்பை 310 ரூபாய்க்கு வாங்கியது. 2016இல் அதே பல்பின் கொள்முதல் விலை 38 ரூபாய்! மானியத்தால் வந்த விலை இல்லை இது. கோடிக்கணக்கில் வாங்க ஆள் இருக்கிறது என்று தெரிந்ததும் கம்பெனிகள் போட்டி போட்டுக் குறைத்தன. இதுவரை 36 கோடிக்கு மேல் பல்புகள் கொடுத்திருக்கிறார்கள். அமூல்ய ரெட்டி சொன்ன மின் நிலையம் இதுதான். நம் வீட்டு ஹோல்டர்களில் தொங்குகிறது.

கோயம்புத்தூர்க் காற்று

இப்போது ஃபேன். விளக்கு ஐந்து மணி நேரம் எரிந்தால், நம் மக்கள் வீட்டில் ஃபேன் பதினைந்து மணி நேரம் சுற்றும். ஆனால் பல காலம் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. நான் முதலில் குடியிருந்த வீட்டில் சுவரில் செங்கல் அளவுக்கு ஒரு பழைய ரெகுலேட்டர் இருந்தது. ஃபேன் வேகத்தைக் குறைத்தால் அது சூடாகும். ஃபேனில் குறைத்த மின்சாரத்தின் ஒரு பங்கு அங்கே சூடாகப் போய்க்கொண்டிருந்தது என்று அப்போது தெரியாது.

சாதாரண சீலிங் ஃபேன் முழு வேகத்தில் சுமார் 75 வாட் இழுக்கும். 2012இல் கோயம்புத்தூரிலிருந்து 'சூப்பர்ஃபேன்' என்று ஒன்று வந்தது, 35 வாட். உள்ளே காந்தம் வைத்த பி.எல்.டி.சி. மோட்டார். மோட்டாரும் பம்புமாக வாழ்கிற ஊர் அல்லவா, அங்கிருந்து வந்ததில் ஆச்சரியமில்லை. பிறகு மும்பையில் ஆட்டம்பெர்க் போன்றவர்கள் வந்தார்கள், பழைய பெரிய கம்பெனிகளும் பின்னாலேயே வந்தன. 2023 ஜனவரி 1 முதல் சீலிங் ஃபேனுக்கும் நட்சத்திரம் கட்டாயம்.

கணக்கு இதோ. 75 வாட்டுக்குப் பதில் 30 வாட், தினம் 15 மணி நேரம், வருடத்தில் 300 நாள். ஒரு ஃபேனுக்கு சுமார் 200 யூனிட் மிச்சம். யூனிட் 7 ரூபாய் என்று வைத்தால் 1,400 ரூபாய். கூடுதலாகக் கொடுத்த விலை ஒன்றரை வருடத்துக்குள் திரும்பிவிடும்.

வாடகை வீட்டுக்காரர்களுக்கு ஃபேனில் இன்னொரு சௌகரியம். வீடு மாறும்போது கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம். எங்கள் ஹால் ஃபேன் இதுவரை மூன்று வீடு பார்த்துவிட்டது. தங்கமணி அதை 'சீதனம்' என்றுதான் சொல்வாள் :-)

ஏ.சி. கதையும் இதே போக்கில்தான். 2018 முதல் வருடம் முழுவதுக்குமான வெயிலைக் கணக்கில் எடுத்து நட்சத்திரம் கொடுக்கிறார்கள், அதனால் இன்வெர்ட்டர் ஏ.சி. பெருகியது. 2020 ஜனவரியிலிருந்து புதிய ஏ.சி.யைப் போட்டதும் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று விதி. வேண்டுமானால் நீங்கள் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் பெரும்பாலானவர்கள் ரிமோட்டைத் தேட மாட்டார்கள். ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது பி.இ.இ. சொல்லும் கணக்கு.

ஆக, பிளக் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் இருபது வருடத்தில் ஒரு சட்டமோ ஒரு நட்சத்திரமோ வந்துவிட்டது. ஆனால் அம்மாவை மயங்கி விழ வைத்தது பிளக் உள்ள பொருள் இல்லையே!

கூரை

நான் வாழ்கிற ஊர் இந்த விஷயத்தில் ஒரு பல்கலைக்கழகம். பழைய அகமதாபாத்தின் 'போள்' தெருக்களுக்குப் போயிருக்கிறீர்களா? 2017இல் யுனெஸ்கோ பாரம்பரிய நகரம் என்று அறிவித்தது இதைத்தான். குறுகிய சந்து, வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும், அதனால் பக்கச் சுவர்களில் வெயிலே படாது. நடுவில் நம்மூர் முற்றம் மாதிரி 'சௌக்'. பல வீடுகளில் அதன் அடியில் மழைநீர்த் தொட்டி. மே மாத மத்தியானம் வெளியே அனல் அடிக்கும்போது உள்ளே போனால் ஆளே மாறிவிடுவோம்.

பிறகு மில் முதலாளிகள் உலகத்தின் பெரிய கட்டடக் கலைஞர்களையே கூட்டிவந்தார்கள். லெ கார்பூசியே 1954இல் கட்டிய மில் உரிமையாளர் சங்கக் கட்டடத்தில் வெயிலைத் தடுக்க முகப்பு முழுக்கக் காங்கிரீட் தடுப்புகள். சாராபாய் குடும்பத்து வீட்டுக்கு அவர் கூரை மேல் மண் போட்டுப் புல்லே வளர்த்தார். லூயி கான் ஐ.ஐ.எம்.முக்குத் தடித்த செங்கல் சுவரும் ஆழமான வராந்தாவும் வைத்தார். பாலகிருஷ்ண தோஷி 1980-81இல் தனக்குக் கட்டிய 'சங்கத்' அலுவலகத்தைப் பாதி தரைக்குள் இறக்கி, வளைவுக் கூரை மேல் உடைந்த வெள்ளைப் பீங்கான் துண்டுகளைப் பதித்தார். 'சைனா மொசைக்' என்று இங்கே சொல்லும் இந்த வேலையை ஊர்க் கொத்தனார்களே செய்வார்கள். வெயிலை அப்படியே திருப்பி அனுப்பிவிடும்.

நம்மூரிலும் இந்த அறிவு இருந்தது. சுண்ணாம்போடு செங்கல் ஜல்லி கலந்து இடித்துப் போட்ட தளம், அதன் மேல் தட்டோடு. அதெல்லாம் செலவு, நேரம் என்று ஒவ்வொன்றாகக் கழன்றது. மிஞ்சியது நாலரை அங்குல காங்கிரீட் தளம். பகல் முழுக்கச் சூட்டைக் குடித்துவிட்டு, நாம் படுக்கும் நேரத்தில் நம் மேல் கொட்டும். மேலே எத்தனை நட்சத்திர ஏ.சி. மாட்டினாலும் அது அந்தத் தளத்தோடு சண்டை போட்டுத்தான் ஜெயிக்க வேண்டும். என் பில் ஏறிய ரகசியம் இதுதான்.

சரி, கட்டடத்துக்குச் சட்டம் இல்லையா? இருக்கிறது. 2007இல் பெரிய வணிகக் கட்டடங்களுக்கு ஒரு விதிமுறை. குடியிருப்புகளுக்கு 2018 டிசம்பரில்தான் 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' வந்தது. சுவர், ஜன்னல், கூரை வழியாக எவ்வளவு சூடு உள்ளே வரலாம் என்று அளவு சொல்கிறது. 2022இல் சட்டத்தையும் திருத்திக் குடியிருப்புகளை உள்ளே கொண்டுவந்தார்கள். ஆனால் மாநிலம் தன் கட்டட விதிகளில் சேர்த்தால்தான் அதற்குப் பல் முளைக்கும். அதுவும் இனிமேல் கட்டப்போகும் பெரிய குடியிருப்புகளுக்குத்தான். ஏற்கெனவே நிற்கிற மூன்று மாடியின் மூன்றாவது மாடிக்கு இல்லை.

காரணம் புரிந்துகொள்ள எளிது. ஃப்ரிட்ஜை வாங்குபவரும் அதன் பில்லைக் கட்டுபவரும் ஒரே ஆள். கூரையைப் போடுவது வீட்டுக்காரர், பில் கட்டுவது குடியிருப்பவர். வீட்டுக்காரருக்குச் செலவு செய்ய ஆசை வராது. குடியிருப்பவருக்கோ பதினோரு மாத ஒப்பந்தம், அடுத்தவன் கூரைக்கு ஏன் செலவழிக்க வேண்டும்? இந்த இடைவெளியில்தான் சூடு உள்ளே வருகிறது. வெளியூரில் பிழைக்க வந்த நம்மைப் போன்றவர்களுக்கு இதில் தப்பவே வழியில்லை. நாம் பாதி வாழ்க்கை வாடகைக்காரர்கள். மேல் மாடி என்றால் வாடகை கொஞ்சம் குறைவு என்று விழுந்தடித்துப் போவதும் நாம்தான்.

காக்காவோடு ஒரு பேச்சுவார்த்தை

2010க்குப் பிறகு அகமதாபாத் திருந்தியது. 2013இல் வெப்ப அலைச் செயல்திட்டம் வந்தது, தெற்காசியாவிலேயே முதலாவது. 2017இல் குடிசைப் பகுதிகளில் கூரைக்கு வெள்ளை அடிக்கும் முயற்சியும் தொடங்கியது. வெள்ளைக் கூரையால் உள்ளே 2 முதல் 5 டிகிரி வரை குறையும் என்கிறார்கள்.

நான் 2011 மார்ச்சில் வீட்டுக்காரரிடம் போனேன். இங்கே பெரியவர்களை 'காக்கா' என்று கூப்பிட வேண்டும். சித்தப்பா என்று அர்த்தம். (அம்மாவுக்கு முதல் நாள் சிரிப்பு தாங்கவில்லை. "காக்கா வந்திருக்காரு, சோறு வைக்கவா?" என்று கேட்டாள்.) மாடிக்குச் சைனா மொசைக் போடலாமே என்றேன். "எத்தனையோ பேர் குடியிருந்தாங்க, யாருக்கும் சுடலையே" என்றார். சுட்டிருக்கும், காக்கா. அவர்கள் காலி பண்ணிக்கொண்டு போயிருப்பார்கள்.

கடைசியில் சுண்ணாம்புக்கு ஒத்துக்கொண்டார். செலவில் பாதி அவர், பாதி நான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கீழ்வீட்டுப் பையனும் இரண்டு கோட் அடித்தோம். மே மாதம் இரவு ஒன்பது மணிக்கு ஹாலில் மாட்டியிருந்த தெர்மாமீட்டர் முந்தைய வருடத்தைவிட மூன்று டிகிரி குறைவாகக் காட்டியது. பெரிய ஆராய்ச்சி ஒன்றுமில்லை, ஒரு வீட்டுக் கணக்கு. ஆனால் அந்த மே மாதம் பாப்பா பாயை மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை.

2014இல் அந்த வீட்டைக் காலி செய்தோம். ஃபேனை எடுத்துக்கொண்டோம். கூரையை எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இப்போது உண்மையைச் சொல்கிறேன்

இதோடு முடித்தால் நான் நல்லவன், காக்கா கெட்டவர் என்று ஆகிவிடும். அதனால் மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

2008இல் பாளையங்கோட்டை வீட்டில் மாடி எடுத்தோம், வாடகைக்கு விடத்தான். கொத்தனார் தட்டோடு போடலாமா என்று கேட்டார். கையில் இருந்த காசு போர்டிகோவுக்கும் கிரானைட்டுக்கும் போய்விட்டது. "வெறும் தளம் போதும்ணே, அப்புறம் பாத்துக்கலாம்" என்று நான்தான் போனில் சொன்னேன். அந்த 'அப்புறம்' வரவேயில்லை.

2015 சித்திரையில் ஊருக்குப் போயிருந்தபோது மாடியில் குடியிருந்த டீச்சர் தயங்கித் தயங்கி, "அண்ணாச்சி, பிள்ளைங்க ராத்திரி தூங்கவே மாட்டேங்குதுங்க, கீழ வராந்தாவுல படுக்க வச்சிக்கலாமா?" என்று கேட்டார்கள். நான் பதில் சொல்லுமுன் எனக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது: எத்தனையோ பேர் குடியிருந்தாங்களே! அசல் காக்கா குரல்.

அம்மா உள்ளிருந்து வந்தாள். "நாம அங்க பட்டத இவுக இங்க படுதாக. நீ கரண்டு கணக்கெல்லாம் ஊருக்குச் சொல்லுதியே, நம்ம மாடிய ஏறிப் பாத்தியாய்யா?" என்றாள்.

அந்த வாரமே கொத்தனாரைக் கூப்பிட்டுத் தட்டோடு போட்டேன். வாடகையை ஏற்றவில்லை. டீச்சர் வீட்டார் அதன் பிறகு ஆறு வருடம் இருந்தார்கள். வீடு ஒரு மாதம்கூடக் காலியாகக் கிடக்கவில்லை. கணக்குப் பார்த்தால் எனக்கு நஷ்டமும் இல்லை. கணக்குப் பார்க்கத்தான் நேரமில்லாமல் இருந்திருக்கிறது.

உங்களுக்கு இரண்டு வேண்டுகோள். வெளியூரில் வீடு பார்க்கப் போகும்போது, தண்ணீர் வருமா என்று கேட்பதுபோல, மேல்தளத்துக்கு என்ன போட்டிருக்கிறது, மேற்குச் சுவரில் ஜன்னல் எத்தனை என்றும் கேளுங்கள். முடிந்தால் சாயங்காலம் ஆறு மணிக்குப் போய்ச் சுவரில் கை வையுங்கள். மேல் மாடியில் குறையும் வாடகையோடு கோடைக்கால பில்லையும் கூட்டிப் பாருங்கள்.

இரண்டாவது, ஊரில் உங்களுக்கும் வாடகைக்கு விட்ட ஒரு மாடி இருந்தால், அடுத்த தடவை போகும்போது சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம் அங்கே போய் உட்கார்ந்து பாருங்கள். ஃப்ரிட்ஜுக்கு நட்சத்திரம் டில்லியில் கொடுக்கிறார்கள். அந்தக் கூரைக்கு நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

அம்மாவுக்கு இப்போது எழுபத்தெட்டு. கோடையில் அகமதாபாத் பக்கம் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை. போனில் மட்டும் கேட்பாள்: "காக்கா நல்லா இருக்காராய்யா?"